மனோதர்ம ஆட்டத்துக்கு ஒலிக்கருவி: தரையிலா, கையிலா, கேமராவிலா?

பதிவு செய்த பாட்டுக்கு ஆடுவது ஒன்று. தன் அசைவாலேயே ஒலியை எழுப்பி, அந்த ஒலியைக் காதில் வாங்கி, அடுத்து என்ன செய்வது என்று அந்தக் கணத்திலேயே தீர்மானித்து ஆடுவது, அதாவது மனோதர்மமாக ஆடுவது, வேறு. இரண்டாவதில் இறங்க நினைக்கும் நாட்டியக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "தரையில் மைக் பதிப்பதா, கையில் சென்சார் கட்டுவதா, கேமரா வைப்பதா? எதை முதலில் வாங்கலாம்?"

விலையைப் பார்த்து முடிவெடுத்தால் தவறிவிடும். மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்களைக் கேட்கின்றன. தரை மைக் அடியைக் கேட்கிறது, உடல் சென்சார் வீச்சைக் கேட்கிறது, கேமரா இடத்தைப் பார்க்கிறது. உங்கள் ஆட்டம் இவற்றில் எதைக்கொண்டு பேசுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு ஆயிற்று. மீதிப் பாதி கீழே.

## எதை வைத்து அளப்பது

தாமதம். அசைவுக்கும் ஒலிக்கும் இடையிலான நேரம்தான் முதல் அளவுகோல். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது 10 மில்லி விநாடிக்கு 3.4 மீட்டர். மேடை ஓரத்தில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து நட்டுவனார் தட்டும் தாளம் ஆடுபவரின் காதுக்கு 9 மில்லி விநாடி தாமதமாகத்தான் வருகிறது. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. காலடிக்குப் பதிலாக வரும் ஒலி 20 மில்லி விநாடிக்குள் வந்தால் அது 'என் அடி' என்று தோன்றும். 40ஐத் தாண்டினால் கால் தயங்க ஆரம்பிக்கும். கையை மெல்ல வீசும்போது எழும் நீண்ட ஒலிக்கு 100 மில்லி விநாடிகூடத் தாங்கும், ஏனென்றால் அங்கே 'எப்போது தொடங்கியது' என்ற கூர்மையான புள்ளியே கிடையாது.

இதில் பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று, ஸ்பீக்கர் இருக்கும் தூரம். அரங்கத்தைப் பார்த்து வைத்த பெரிய ஸ்பீக்கர் ஆடுபவரிடமிருந்து 8 மீட்டர் தள்ளி இருந்தால், அதிலேயே 23 மில்லி விநாடி போய்விடுகிறது. எவ்வளவு நல்ல சென்சார் வாங்கினாலும் இதை ஈடுகட்ட முடியாது. ஆடுபவருக்கு இரண்டு மீட்டருக்குள் சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம் வேண்டும். புளூடூத் ஸ்பீக்கரை ஒத்திகைக்குக்கூடத் தொடாதீர்கள். அது மட்டுமே 100 முதல் 200 மில்லி விநாடிவரை தின்றுவிடும்.

மௌனம். ஆடுபவர் நின்றால் ஒலி நிற்கிறதா? இந்த ஒரு சோதனையில் தோற்கும் அமைப்பை மேடைக்குக் கொண்டுபோகவே கூடாது. மனோதர்மத்தில் நிறுத்தமும் ஒரு முடிவு. நின்ற பிறகும் கருவி முனகிக்கொண்டே இருந்தால் ஆடுபவரின் கையிலிருந்து அந்த முடிவு பறிபோகிறது.

உடம்பும் உடையும். கருவி எங்கே உட்காரும், எவ்வளவு கனம், தரையில் உருண்டால் என்ன ஆகும்.

அரங்கம். விளக்கு மாறுமா, தரை சிமெண்டா மரமா, எத்தனை பேர் கையில் கைப்பேசி இருக்கும், மேடை கைக்கு வந்து எத்தனை மணி நேரத்தில் நிகழ்ச்சி தொடங்கும்.

| | தரை மைக் | உடல் சென்சார் | கேமரா |
|---|---|---|---|
| எதைக் கேட்கும் | அடி, உரசல் | வீச்சு, சாய்வு, சுழற்சி | இடம், உருவம், அசைவின் அளவு |
| மொத்தத் தாமதம் (மி.வி., தோராயமாக) | 12–15 | 20–35, இடையிடையே எகிறும் | 80–120 |
| நின்றால் மௌனம் | தானாகவே | சரிசெய்தால் மட்டும் | விளக்கு மாறாதவரை |
| உடம்பில் சுமை | இல்லை | உண்டு | இல்லை |
| பெரிய எதிரி | ஸ்பீக்கரின் அதிர்வு | நெரிசலான வைஃபை | மேடை விளக்கு |
| மேடையில் பொருத்த | 1 மணி நேரம் | 20 நிமிடம் | 2 மணி நேரமும் மேலும் |

## தரை மைக்

இதற்கு வேண்டியவை: 8 அடிக்கு 4 அடி அளவில் 18 மி.மீ. பிளைவுட், அதிர்வை மின்சாரமாக்கி மைக்காக வேலை செய்யும் 35 மி.மீ. பீசோ தகடு நான்கு, ஷீல்டு உள்ள ஒயர், இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் இரண்டு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி). பீசோ தகடு ஒன்று சில பத்து ரூபாய்தான். செலவு இன்டர்ஃபேஸில் இருக்கிறது.

தகடுகளைப் பிளைவுட்டின் அடிப்பக்கம் ஒட்ட வேண்டும். நடுவில் அல்ல, ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒன்றரை அடி உள்ளே. இடப்பக்கத்து இரண்டையும் இணையாகச் சேர்த்து ஒரு இன்புட்டுக்கும், வலப்பக்கத்து இரண்டையும் இன்னொன்றுக்கும் கொடுங்கள். சேர்க்கும்போது வெள்ளைப் பீங்கான் பக்கத்தோடு பீங்கான் பக்கம், பித்தளைப் பக்கத்தோடு பித்தளைப் பக்கம் என்று பொருந்த வேண்டும். மாறிப்போனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி மெலிந்துவிடும். ஒயரை சாதாரண மைக் இன்புட்டில் செருகினால் கனமே இல்லாத டின் சத்தம்தான் வரும். பீசோவுக்குச் சுமார் 1 மெகா ஓம் அளவில் உள்ள இன்புட் தேவை, அதனால்தான் கிதார் செருகும் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்.

அடியைக் கண்டுபிடிக்கப் பியூர் டேட்டா என்ற ஒலி மென்பொருள் போதும், இலவசம். அதன் 'பாங்க்' ஆப்ஜெக்ட் இதற்கென்றே உள்ளது. ஒரு அடி விழுந்ததும் அடுத்ததை எத்தனை மில்லி விநாடிக்குப் பொருட்படுத்தாமல் விடுவது என்பதுதான் இங்கே முக்கியமான எண். பலகையின் அதிர்வு அடங்கும்வரை விடாவிட்டால் ஒரு அடி மூன்றாக எண்ணப்படும். கூடுதலாக விட்டால் அடிகள் காணாமல் போகும். கணக்குப் பாருங்கள்: நிமிடத்துக்கு 80 தட்டு என்ற கதியில் தட்டடவு முதல் காலத்தில் 750 மில்லி விநாடிக்கு ஒரு அடி, மூன்றாம் காலத்தில், அதாவது நான்கு மடங்கு வேகத்தில், 187. குதித்து மெட்டடவில் விரல் நுனியில் குதித்த கையோடு குதிகால் விழுகிறது. மூன்றாம் காலத்தில் அந்த இடைவெளி சுமார் 94. ஆகவே இந்த எண் 60க்கும் 80க்கும் இடையில் இருக்க வேண்டும். 120 வைத்துவிட்டு "குதிகால் கேட்கவே மாட்டேன் என்கிறது" என்று தகட்டைக் கழற்றி மாட்டுவதில் பயனில்லை.

சிக்கல் எங்கே வரும்? முதலாவது, ஸ்பீக்கர். தாழ்ந்த ஒலி பலகையை அதிரவைக்கும், பலகை அதை அடி என்று எண்ணி இன்னொரு ஒலியைக் கிளப்பும், அது மறுபடி பலகையை அதிரவைக்கும். ஆடுபவர் அசையாமல் நிற்க, கருவி தானே ஆடிக்கொண்டிருக்கும். பலகைக்கு அடியில் 10 மி.மீ. ஃபோம் பட்டைகள் போடுங்கள், மானிட்டரை மேடைத் தளத்தில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள், எழுப்பும் ஒலிகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் குறையுங்கள். மானிட்டர் பக்கத்தில் வேண்டும் என்பதும் பக்கத்தில் இருந்தால் பலகை அதிரும் என்பதும் ஒன்றோடொன்று மோதும். ஒரு மணி நேரப் பொருத்தும் வேலையில் பாதி இந்தச் சமரசத்துக்கே போகும்.

இரண்டாவது, சிமெண்டுத் தரை. தகட்டை நேரே சிமெண்டிலோ கிரானைட்டிலோ ஒட்டினால் அரை மீட்டர் தள்ளி விழும் அடிகூடச் சரியாகக் கேட்காது. பலகை தேவைப்படுவது அதனால்தான். ஃபோம் மேல் கிடக்கும் பலகை முட்டிக்கும் நல்லது.

மறைந்திருக்கும் செலவு, பலகையைக் கொண்டுபோவது. எட்டடிப் பலகை காரில் ஏறாது. நான்குக்கு நான்கு என இரண்டாக வெட்டினால் ஏறும், ஆனால் நடு இணைப்பில் கால் இடறும். இணைப்பை அடியில் கட்டையால் பிணைத்து மேலே டேப் ஒட்ட வேண்டும். ஆட்டம் அந்த 32 சதுர அடிக்குள் அடைபடுகிறது என்பது இன்னொரு விலை. மண்டி அடவோடு குறுக்கும் நெடுக்கும் போகிறவருக்கு இது கூண்டு.

அடவுகளையும் ஜதிகளையும் வைத்து மனோதர்மம் செய்பவர்கள் வேறு யோசனை இல்லாமல் இதில் தொடங்கலாம். தற்கால நடனத்தில் தரையோடு தரையாக ஆடுபவர்களுக்கும் இது எதிர்பாராத பரிசு தரும். உள்ளங்கை பலகையில் இழுபடுவதும் பாவாடை உரசுவதும் பீசோவில் நெருக்கமாகக் கேட்கும். அடியாக மாற்றாமல் அந்த ஒலியையே நேரடியாகப் பெருக்கி விட்டால் போதும்.

## உடல் சென்சார்

மணிக்கட்டுக்கோ கணுக்காலுக்கோ ஒன்று: வைஃபை உள்ள சின்னக் கணினியான ஈஎஸ்பி32 போர்டு, அசைவை அளக்கும் எம்பியு-6050 சென்சார், 500 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரி, சார்ஜ் ஏற்றும் சின்ன போர்டு. ஒரு கட்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பேட்டரி கணக்குப்படி மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். ஒத்திகைக்கு ஒரு பேட்டரி, நிகழ்ச்சிக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சார் விநாடிக்கு 100 முறை அளந்து, வைஃபை வழியே ஓஎஸ்சி செய்தியாக (இசை மென்பொருள்கள் புரிந்துகொள்ளும் செய்தி வடிவம்) லேப்டாப்புக்கு அனுப்புகிறது. வாங்கியவுடன் மாற்ற வேண்டியவை மூன்று. முதலில், எம்பியு-6050 தொடங்கும்போது ±2ஜி (1ஜி என்பது புவியீர்ப்பின் அளவு), விநாடிக்கு ±250 பாகை என்ற அளவில் இருக்கும். வேகமாகக் கையை வீசினாலே இது முட்டிக்கொண்டு நின்றுவிடும். ±16ஜி, ±2000 பாகைக்கு உயர்த்துங்கள். அடுத்தது, ஈஎஸ்பி32 மின்சாரம் மிச்சம் பிடிக்க வைஃபையை இடையிடையே உறங்கவைக்கும். அந்த உறக்கத்தை நிரலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் செய்திகள் திக்கித் திக்கி வரும். மூன்றாவது, சும்மா இருக்கும் சென்சாரும் புவியீர்ப்பால் 1ஜி காட்டும். அதைக் கழிக்காமல் ஒலியோடு இணைத்தால் மௌனம் என்பதே கிடையாது.

மௌனத்தை இங்கே உழைத்துத்தான் பெற வேண்டும். பலர் சென்சாரை மேசைமேல் வைத்து, அந்த அளவைச் சுழியம் என்று குறித்துக்கொள்கிறார்கள். மேடையில் ஆடுபவர் முழங்கால் மடித்து அரைமண்டியில் அசையாமல் நிற்கும்போது தொடை நடுங்குகிறது, மூச்சு தோளை ஏற்றி இறக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நடுக்கம் சென்சாருக்குத் தெரிகிறது, ஒலி முனகத் தொடங்குகிறது. சுழியத்தை அரைமண்டியில்தான் எடுக்க வேண்டும்: பத்து நிமிடம் ஆடி மூச்சு வாங்கிய பிறகு, கட்டிய நிலையில், ஐந்து விநாடி நிற்கச் சொல்லி, அதில் வரும் உச்ச அளவைவிடச் சற்று மேலே, ஒலி எழத் தொடங்கும் வாசலை வையுங்கள். ஒலி எழும்போது 10 மில்லி விநாடிக்குள் எழட்டும், அடங்கும்போது 300 முதல் 500 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளட்டும். உடம்பு நிற்கிற மாதிரியே ஒலியும் நிற்கும்.

தாமதம் சராசரியாகக் குறைவுதான். தொல்லை அதன் சீரின்மை. எப்போதும் 40 மில்லி விநாடி தாமதம் என்றால் உடம்பு ஒரு வாரத்தில் பழகி, சற்று முன்கூட்டியே வீசக் கற்றுக்கொள்ளும். இப்போது 20, அடுத்து 150, பிறகு 30 என்றால் எந்த உடம்பாலும் பழக முடியாது. ஈஎஸ்பி32 பேசுவது 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில், அரங்கிலுள்ள கைப்பேசிகளும் புளூடூத் சாதனங்களும் புழங்கும் அதே நெரிசலில். சபாவின் வைஃபையை நம்ப வேண்டாம். சொந்த ரூட்டர் ஒன்றை மேடை ஓரத்தில், தலை உயரத்தில், ஆடுபவரைப் பார்த்த மாதிரி வையுங்கள். 1, 6, 11 ஆகிய சேனல்களில் எது காலியோ அதில் நிறுத்துங்கள். லேப்டாப்பை அந்த ரூட்டரோடு ஒயரில் இணையுங்கள். காலி அரங்கில் எல்லாம் சரியாக இருந்தது என்பது எதற்கும் சாட்சி அல்ல. ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும்.

எங்கே கட்டுவது? பரதநாட்டிய உடையில் ஒட்டியாணத்துக்குப் பின்னால் ஒளித்துவிடலாம் என்று தோன்றும். உலோகப் பட்டை அலையைத் தடுக்கும், வேண்டாம். வங்கி என்ற நகையை அணியும் மேல்கையில், அந்த வங்கிக்குச் சற்றுக் கீழே, 4 செ.மீ. அகல எலாஸ்டிக்கில் பை தைத்துச் செருகுவது நன்றாக நிற்கும். மணிக்கட்டு வீச்சுக்கு அதிக உணர்வுள்ள இடம், ஆனால் முத்திரைகளின் நுணுக்கம் எதுவும் அதற்குத் தெரியாது. பதாகமும் கடகாமுகமும் சென்சாருக்கு ஒன்றுதான். கணுக்காலில் கட்டினால் சலங்கைக்கு மேலே கட்டுங்கள். ஓங்கித் தட்டும்போது ±16ஜியும் முட்டும், ஆகவே அடி விழுந்ததா என்பதை மட்டும் கேளுங்கள், எவ்வளவு பலம் என்று கேட்காதீர்கள். தரையில் உருளும் ஆட்டமானால் முதுகில் வைக்கவே வைக்காதீர்கள். நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

எம்பியு-6050க்குத் திசை தெரியாது, சிறிது நேரத்தில் அதன் கிழக்கு வடக்காகிவிடும். காந்த சென்சாரும் சேர்ந்த பிஎன்ஓ055 வாங்கினால் சரியாகும் என்பார்கள். மேடைக்கடியில் இரும்புச் சட்டமும் பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தமும் இருக்கும் இடத்தில் அதுவும் தடுமாறும். சாய்வையும் சுழலும் வேகத்தையும் மட்டும் பயன்படுத்தி ஒலி அமைப்பதே மேல்.

மறைந்திருக்கும் செலவு ஆள். சால்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். அறுபடுவது பெரும்பாலும் பேட்டரி ஒயர் போர்டில் சேரும் இடம். மெல்லிய சிலிக்கான் ஒயர் போட்டு, இணைப்பின்மேல் ஹாட் குளூ வைத்தால் நீடிக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் மாற்றுக் கட்டு ஒன்று தயாராக இருக்கட்டும்.

கை, தோள், உடல் சாய்வு இவற்றால் பேசும் ஆட்டத்துக்கும், மேடை முழுவதும் திரிபவர்களுக்கும், ஊர் ஊராகப் போகும் குழுவுக்கும் இதுவே பொருத்தம். எல்லாம் ஒரு டிபன் பாக்ஸில் அடங்கிவிடும்.

## கேமரா

உடம்பில் ஒன்றும் இல்லாமல், மேடையில் ஒன்றும் தெரியாமல் வேலை செய்வதால் கேமரா எல்லோரையும் கவர்கிறது. இந்த ஆசை புதிதல்ல. 1930களில் ரஷ்யக் கண்டுபிடிப்பாளர் தெர்மன் செய்த டெர்ப்சிடோன் என்ற கருவி, தளத்துக்கடியில் ஆன்டெனா வைத்து, ஆடுபவரின் உடம்பையே சுருதியாக்க முயன்றது. 1965இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் சேர்ந்து செய்த நிகழ்ச்சியில் ஒளி சென்சார்களும், சின்தசைசர் செய்தவரான ராபர்ட் மூக்கின் ஆன்டெனாக்களும் ஆடுபவர்களின் நடமாட்டத்தைப் பிடித்தன. கடைசியில் எந்த ஒலி அரங்கை எட்டுவது என்பது மிக்சரில் இருந்த இசைக்காரர்கள் கையில் இருந்தது. கேமராவைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தாமதமும் மங்கலான தொடர்பும் சேரும்போது, 'இது நான் எழுப்பிய ஒலி' என்ற நிச்சயம் ஆடுபவருக்குப் போய்விடும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது? விநாடிக்கு 30 படம் எடுக்கும் வெப்கேமில் ஒரு படத்துக்கே 33 மில்லி விநாடி. அது லேப்டாப்புக்கு வந்து சேர, உருவத்தைக் கண்டுபிடிக்க, ஒலியாக, எல்லாம் சேர்ந்து 80 முதல் 120. விளக்கு மங்கும்போது கேமரா தானாக எக்ஸ்போஷரை நீட்டி விநாடிக்கு 15 படமாகக் குறைத்துக்கொள்ளும், தாமதம் இன்னும் ஏறும். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் அணைப்பது முதல் வேலை.

கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் சாதாரண வெப்கேமிலேயே உடலின் 33 புள்ளிகளைக் கண்டுபிடித்துத் தருகிறது, இலவசம். டீ-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போட்டு வெளிச்சமான அறையில் பார்த்தால் அற்புதமாக இருக்கும். விசிறி மடிப்பு விரிந்த உடையில், முழங்கால் துணிக்குள் மறைந்த அரைமண்டியில், சிவப்பு விளக்கின் கீழே புள்ளிகள் தாவும். ஒவ்வொரு தாவலும் ஒரு ஒலியாகும்.

அதைவிட எளிய வழி பெரும்பாலும் நன்றாக நிற்கும்: கேமராவை மேலே தொங்கவிட்டு, உருவம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அங்கே அசைவு எவ்வளவு என்பதை மட்டும் கேட்பது. 60 பாகை அகலம் பார்க்கும் கேமரா 4 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 4.6 மீட்டர் அகலத் தரையைப் பார்க்கும். விளக்கு மாறினால் முழுப் படமும் அசைந்ததாகத் தெரியும் என்பதால் அகச்சிவப்பு விளக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டரும் போடுங்கள், 850 நானோமீட்டர் வகை போதும். எல்இடி மேடை விளக்குகள் அகச்சிவப்பை அதிகம் உமிழாததால் அவை ஏறி இறங்கினாலும் கேமராவுக்குத் தெரியாது. பழைய ஹாலஜன் விளக்குகள் உள்ள அரங்கில் இந்த உபாயம் பலிக்காது, அவை அகச்சிவப்பைக் கொட்டும். எந்த விளக்கு என்று அரங்கத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆழம் அளக்கும் கேமராவான கினெக்ட் இந்த வேலைக்கு வெகு காலம் பயன்பட்டது. இரண்டாம் தலைமுறை கினெக்ட் 4.5 மீட்டர்வரைதான் நம்பிக்கையாகப் பார்க்கும். மைக்ரோசாஃப்ட் 2017இல் கினெக்ட் தயாரிப்பையும் 2023இல் அதன் வாரிசான அஷ்யூர் கினெக்ட்டையும் நிறுத்திவிட்டது. பழைய சந்தையில் வாங்குவதானால் கணினியோடு இணைக்கும் அடாப்டரோடு கிடைக்கிறதா என்று பாருங்கள், பழுதானால் மாற்று கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேமரா வெல்லும் இடம் ஒன்று உண்டு: ஒரே அரங்கம், பல நாள் நிகழ்ச்சி, மூன்று நான்கு பேர் சேர்ந்து ஆடுவது, ஒலி மெதுவாக உருமாறுவது. கூடத்தின் ஒரு மூலைக்குப் போனால் ஒரு சுருதி, நடுவில் கூடினால் இன்னொன்று. ஒரே மாலை நிகழ்ச்சிக்கு, அதுவும் மதியம்தான் மேடை கைக்கு வரும் என்றால், இதை எடுக்க வேண்டாம்.

## கைப்பேசி

எதுவும் வாங்குமுன் ஒரு வாரம் கைப்பேசியோடு ஆடிப் பாருங்கள். அதிலுள்ள சென்சாரின் அளவுகளை ஓஎஸ்சியாக அனுப்பும் செயலிகள் கிடைக்கின்றன. இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். கையில் கட்டினால் 200 கிராம் கனம் வீச்சையே மாற்றிவிடும். மேடைக்கு இது ஆகாது, அழைப்பு வரும், திரை பூட்டிக்கொள்ளும். ஆனால் உங்கள் ஆட்டத்துக்கு வீச்சைக் கேட்கும் கருவி வேண்டுமா என்பது காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

## இரண்டைச் சேர்ப்பதானால்

காசும் ஆளும் இருந்தால் தரை மைக்கும் ஒரு கையில் சென்சாரும் நல்ல ஜோடி. ஒலி எப்போது தொடங்குவது என்பதைத் தரை சொல்லட்டும், எப்படி ஒலிப்பது என்பதைக் கை சொல்லட்டும். கால் தட்டியதும் ஒலி 15 மில்லி விநாடிக்குள் எழுகிறது. கை உயர்ந்தால் அதன் நிறம் மாறுகிறது, கை தாழ்ந்தால் மங்குகிறது. வைஃபை சற்றுத் தடுமாறினாலும் தொடக்கப் புள்ளி பிசகாததால் ஆடுபவர் தாளத்தை இழப்பதில்லை. வைஃபை அறுந்தே போனால் ஒலியின் நிறம் கடைசியாக வந்த நிலையில் நிற்கும்படி நிரலில் எழுதிவிடுங்கள். சுழியத்துக்குப் போகும்படி எழுதினால் ஆட்டத்தின் நடுவே ஒலி செத்துவிடும்.

தொடக்கத்தில் ஒரு கால், ஒரு கை, ஒரே ஒலி. தினம் அரை மணி, ஒரு வாரம். அதற்குப் பிறகு இரண்டாவது ஒலியைச் சேருங்கள். லேப்டாப்பில் இருப்பவர் கை எந்நேரமும் மொத்த ஒலியளவை ஏற்றி இறக்கும் மாஸ்டர் ஃபேடரில் இருக்கட்டும். ஆடுபவர் தலைக்குமேல் கை கூப்பினால் அதை இறக்கிவிட வேண்டும் என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.